ஓர்லின் ஆறு லீவில் போன கோடை

வால்மோன் என்கிற அந்தப் பிரெஞ்சு ஊருக்கு நடுவே ஓடும் ஓர்லின் ஆறு, ஊர் உண்டான நாளிலிருந்து ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. எடுக்காமல் எடுக்காமல் இருந்து, அந்த வருஷம் ஜூலையில், தேசியத் திருநாள் வாணவேடிக்கை முடிந்த மறுவாரம், பாலத்துக் கைப்பிடியில் ஒரு பலகையை மாட்டிவிட்டு, மீன், வாத்து, தவளை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டது. இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், மூலைக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு மாமியார் வீட்டுக்குப் போன கதையைச் சொல்கிற மாதிரிதான் சொல்வார்கள். ஐயையோ என்று வாயில் கை வைத்தது ஊரிலேயே ஒரே ஒருத்திதான். அவள் குளித்தலையிலிருந்து வந்தவள், பெயர் மங்கையர்க்கரசி.

மங்கை வால்மோனுக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் தாயுமானவனுக்கு ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். ஆகஸ்ட் பிறந்தால் அந்தத் தேசமே மூட்டை கட்டும்; ரொட்டிக்கடை மூடும், பல் டாக்டர் மூடுவார், முடிவெட்டுகிறவர் பாதித் தலையோடு ஆளை அனுப்பிவிட்டு ரயிலேறுவார், ஆபீஸில் நாற்காலியெல்லாம் காலியாகிவிடும், நடுவில் தாயுமானவன் மட்டும் ஏசி குளிருக்கு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "சர்வர் விழுந்துட்டா யார் பாக்கறது?" என்பான். அந்தச் சர்வரோ ஏழு வருஷத்தில் ஒரு தும்மல் தும்மினதில்லை. போதாதற்கு, முடியாது என்ற வார்த்தை அவனுக்குத் தமிழிலும் வராது, பிரெஞ்சிலும் வராது. அதனால் ஊருக்குப் போகிற அத்தனை பேரும் அவன் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அவன் சாவிக்கொத்தை மங்கை கையில் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போவான், அவள் மாடி மாடியாக ஏறி இறங்கி மேல்வீட்டு மதாம் ஒதெத்தின் பூச்செடிக்கும் எதிர்வீட்டுத் தக்காளிக்கும் தண்ணீர் ஊற்றுவாள். பிரான்ஸ் தேசத்தின் கடலையும் மலையையும் கோட்டையையும் அவள் பார்த்ததெல்லாம் அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் படங்களில்தான்.

அந்த வருஷம் ஜூன் மாதமே அவள் சொல்லிவிட்டாள். "இந்தக் கோடைக்கும் எங்கேயும் கூட்டிட்டுப் போகலைன்னா, நான் குளித்தலைக்கே போயிடறேன். நீங்க அந்தச் சர்வரோடயே குடும்பம் நடத்துங்க."

"பாக்கலாம் மங்கை" என்றான் தாயுமானவன். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது கல்யாணமான யாருக்கும் தெரியும். ஆனால் இந்தத் தடவை அவள் சும்மா மிரட்டவில்லை, பெட்டியை இறக்கித் தூசி தட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தே வைத்திருந்தாள்.

ஆறு ஏன் போனது என்று கேட்டால், யாராயிருந்தாலும் போயிருப்பார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஜூன் இருபத்தொன்றில் ஊரெங்கும் சங்கீதத் திருநாள். தெருவுக்கு நாலு கச்சேரி, பல் டாக்டர் டிரம்பெட் ஊதுகிறார், தபால்காரி தொண்டை கிழியப் பாடுகிறாள், குடித்தவர்கள் எல்லாம் கடைசியில் ஆற்றங்கரைக்குத்தான் வந்து ஆற்றிடம் தங்கள் சோகத்தைச் சொல்கிறார்கள். அது முடிந்தால் படகுப் போட்டி. அது முடிந்தால் ஜூலை பதினாலு, தேசியத் திருநாள். தீயணைப்புப் படைக்காரர்கள் தங்கள் நிலையத்து வாசலிலேயே ஊருக்கு நடன விருந்து வைக்க, மேலே வாணவேடிக்கை வெடிக்க, வானத்தில் ஒரு தடவை பூத்ததையெல்லாம் ஆறு கீழே இன்னொரு தடவை தலைகீழாகப் பூத்துக் காட்ட வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் அதன் மடியில் காலி பாட்டில்களும், ஒரு சைக்கிளும், பல் டாக்டரின் டிரம்பெட்டும் கிடந்தன. அதற்கும் பொறுமைக்கு ஒரு அளவு இருக்கிறதல்லவா?

பலகை கொடியாலும் பாசியாலும் எழுதப்பட்டிருந்தது, கையெழுத்து கொஞ்சம் சொட்டியது. வருடாந்திர விடுமுறை, ஆகஸ்ட் இருபதாம் தேதி திரும்புகிறேன், எல்லோருக்கும் நல்ல கோடை அமைய வாழ்த்துகள், அவ்வளவுதான். ஆடிப் பதினெட்டுக்குப் படையல் வைக்க நல்ல இடமாகப் பார்க்கலாம் என்று பாலத்துக்கு வந்த மங்கை, பலகையைப் படித்தாள், கீழே எட்டிப் பார்த்தாள், வெறும் மணல்.

"ஐயையோ! ஆத்தைக் காணோமே!"

பக்கத்தில் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்த கஸ்தோன் என்ற ஓய்வுபெற்ற லாரி டிரைவர் அவளைக் கண்டிப்போடு பார்த்தார். "காணோம்னு சொல்லாதீங்க மதாம். லீவுல இருக்கு. உழைக்கிற எல்லாருக்கும் வருஷத்துக்கு அஞ்சு வாரம் உண்டு, இது பாவம் அதுகூட முழுசா எடுக்கலை. இதுக்கு முன்னாடி எடுக்காத லீவையெல்லாம் கணக்குப் பார்த்தா இந்த ஜென்மத்துல திரும்பி வரவே வேண்டாம்."

ஊர் முழுக்க இதே பேச்சுதான். எங்கே போயிருக்கும் என்பதில் மட்டும் இரண்டு கட்சியாகப் பிரிந்து காபிக்கடையில் மேஜையைத் தட்டினார்கள். கடலுக்குத்தான் என்றது ஒரு கட்சி. "உனக்கு மூளை இருக்கா?" என்றார் கஸ்தோன். "கடலுக்குப் போறதுதான் அதோட வேலையே. லீவு நாள்ல எவனாவது ஆபீஸுக்குப் போவானா?" மலைக்குத்தான் போயிருக்கும் என்று ஊர் ஏகமனதாக ஒப்புக்கொண்டது.

பிறகு என்ன, காபிக்கடை மேஜைகள் படியிறங்கி ஆற்று மணலுக்கு வந்தன. பெரியவர்கள் பாலத்து நிழலில் இரும்புக் குண்டு உருட்டி விளையாட ஆரம்பித்தார்கள், அதைவிட நல்ல தரை இந்த மாகாணத்திலேயே கிடையாது என்றார்கள். நகராட்சி வண்ண விளக்குகள் கட்டியது, வாத்தியக்கோஷ்டி வந்தது, ஆற்றின் நட்டநடுவில் ஜோடி ஜோடியாக வால்ட்ஸ் ஆடினார்கள், செருப்பில் ஒட்டின நத்தையோட்டைத் தட்டிவிட்டு மறுபடி ஆடினார்கள். ஜூலை கடைசியில் ஆற்றிடமிருந்து மேயருக்கு ஒரு தபால் அட்டை வந்தது. நனைந்து ஊறிப்போயிருந்த அதை அவர் துணிக்கொடிக் கிளிப்பில் மாட்டிக் காயவைத்து, மேடையேறிப் படித்தார்: "சாந்த்-மார்த் மலை அழகு. தண்ணீர் நன்றாக இருக்கிறது. எல்லோருக்கும் முத்தங்கள்." ஜனங்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் சந்தோஷத்தில் மேயர் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டார். ஆறு இல்லாமலும் ஊர் எவ்வளவு அருமையாக நடக்கிறது பாருங்கள், இந்த இடத்தில் ஐந்நூறு கார் நிறுத்தலாமே என்று நகராட்சியில் ஒரு யோசனை இருக்கிறது என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

மங்கைக்குப் பக்கத்தில் நின்ற தாயுமானவன் மட்டும் தட்டவில்லை. அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"பாத்தியா மங்கை?" என்றான் வீட்டுக்கு வரும் வழியில். "எத்தனை காலமா ஓடின ஆறு. நாலு நாள் நகர்ந்துச்சு, இடத்துல கார் விடறேங்கறாங்க. இதுக்குத்தான் நான் லீவு போடறதில்ல. நான் இல்லாமலே அந்த சர்வர் ஓடும்னு அவங்களுக்குத் தெரிஞ்சுட்டா?"

மங்கை நடு ரோட்டில் நின்றுவிட்டாள். வேலை இருக்கு, வேலை இருக்கு என்று இந்த மனுஷன் ஏழு வருஷமாகச் சொன்னது வேலையே இல்லை, பயம். அவளுக்கு ஒரு பக்கம் கோபம் பொங்கியது, இன்னொரு பக்கம் அவனை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொள்ளலாம் போலப் பரிதாபமாகவும் இருந்தது. கோபம்தான் முதலில் வாயைத் திறந்தது.

"ஆடிப் பதினெட்டுக்கு நான் சாந்த்-மார்த் போறேன்."

"எதுக்கு? வருஷா வருஷம் குளியல் தொட்டியிலதானே பண்றே, அதுலயே பண்ணிக்கோயேன்."

"ஏழு வருஷமா தொட்டிக்குப் படையல் போட்டாச்சு. ஒரு நாளாவது அந்தத் தொட்டி பெருகுச்சா? ஆத்துக்குப் போடற படையலை நான் ஆத்துக்குத்தான் போடப்போறேன், அது எங்க இருந்தாலும் சரி. நீங்க வந்தா புருஷனோட போவேன். வரலைன்னா அங்கேருந்து நேரா ஏர்போர்ட்."

திறந்த பெட்டியில் புடவைகள் ஏறின. இரண்டாவது பெட்டியையும் அவள் இறக்கியபோதுதான் தாயுமானவனுக்கு விஷயம் புரிந்தது. லீவு கேட்டுவிடலாம் என்று முடிவுசெய்தான். ஆனால் யாரிடம் கேட்பது, மேலதிகாரி மெஸ்ஸியே பெர்த்தியே லீவில் இருக்கிறாரே. நம் ஊரில் என்ன செய்வோம்? ஆள் மணமேடையில் தாலி கட்டிக்கொண்டிருந்தாலும் ஆபீஸிலிருந்து போன் போடுவோம், அவரும் ஒரு கையால் எடுத்துப் பேசுவார். தாயுமானவன் அதே பழக்கத்தில் பெர்த்தியேக்குப் போன் போட்டான். லீவில் இருக்கிற ஒரு பிரெஞ்சுக்காரரை ஆபீஸ் விஷயமாகக் கூப்பிட்டவன் அந்தக் கம்பெனி சரித்திரத்திலேயே அவன் ஒருத்தன்தான்.

எதிர்முனையில் கடல் இரைச்சல் கேட்டது. "யார் செத்துப்போனது?" என்றார் பெர்த்தியே, நடுங்கும் குரலில்.

"யாரும் சாகலை சார். எனக்கு லீவு வேணும்."

"இதைக் கேக்கவா என்னைத் தண்ணியிலிருந்து வெளியே கூப்பிட்டே? உன் லீவெல்லாம் மலையாக் குவிஞ்சு கிடக்குன்னு சம்பளப் பிரிவுல ஏற்கெனவே என்னைத் திட்டறாங்க. போ! தயவுசெஞ்சு எங்கேயாவது போ!"

சாவிக்கொத்தைக் கஸ்தோன் வாங்கிக்கொண்டார். மீனெல்லாம் லீவில் போய்விட்டது, நான் சும்மாதானே இருக்கிறேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் என் கை என்ன தேய்ந்தா போகும் என்றார்.

ஆடிப் பதினெட்டன்று மங்கை விடியுமுன் எழுந்து புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சம் சாதம், தயிர்ச் சாதம் என்று கட்டி, வெல்லம் கலந்த காப்பரிசியும் மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். ரயில் ஓடியது, சூரியகாந்தித் தோட்டங்கள் ஓடின, ஆற்று மேட்டில் ஒரு கோட்டை, அதைத் தாண்டி இன்னொரு கோட்டை, அடுத்தவர் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து இறங்கிவந்து ஜன்னலுக்கு வெளியே நின்ற மாதிரி ஒவ்வொன்றாக வந்து நின்று போயின, அவள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு பார்த்தாள், தாயுமானவன் மொபைலை மூக்கில் அழுத்திக்கொண்டு பார்த்தான். புளியோதரை வாசனை பெட்டி முழுக்கப் பரவி, மூன்றாவது வரிசை அம்மாள் எழுந்துவந்து அது என்ன என்று விசாரித்து, ருசி பார்த்து, செய்முறை கேட்டு, பதிலுக்கு ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸ் கொடுத்தாள். வண்டி மாறின ஊரில் முலாம்பழத் திருவிழா. தெருவெல்லாம் பழம், பழத்துக்கெல்லாம் பரிசு. பஸ் மாறின கிராமத்தில் காகித விளக்குகளுக்குக் கீழே ஊரே ஆடிக்கொண்டிருந்தது, பஸ் டிரைவரும் இறங்கி ஆடிக்கொண்டிருந்தான், அதனால் பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஒரு கசாப்புக்கடைக்காரம்மாள் தாயுமானவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். அவன் லேப்டாப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே ஆடினான், அது சுழன்று சுழன்று பக்கத்து ஜோடிகளை அடித்தது. மங்கை சிரித்துச் சிரித்துக் கல்மேடையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான பிறகு இவனை வைத்து இப்படிச் சிரித்ததே இல்லையே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாந்த்-மார்த்தில் ஆறு, மலையடிவாரக் கூடார முகாமில் தங்கியிருந்தது. ஒரு கேரவனுக்கும் ஒரு நீலக் கூடாரத்துக்கும் நடுவே தனக்கு ஒதுக்கின புல்வெளியில், தன்னைப் பாயைப்போல் மடித்து மடித்து வைத்துக்கொண்டு, வேலியைத் தாண்டாமல், மல்லாந்து கிடந்தது. ஓடவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக எங்கேயும் போகாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தது. வாத்துகள் தள்ளி நின்றன. முகாமில் இருந்தவர்கள் அதில் ஒரு காலைக்கூட நனைக்கவில்லை. குளிக்க நீச்சல் குளத்துக்குப் போனார்கள், எட்டிப் பார்க்கிற குழந்தையையும் "அது லீவுல இருக்கு, தொந்தரவு பண்ணாதே" என்று அதட்டி இழுத்துக்கொண்டார்கள்.

மங்கை இலையை விரித்தாளோ இல்லையோ, முகாம் பொறுப்பாளர் மதாம் கொலெத் ஓடிவந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"பூஜை. இன்னிக்கு ஆத்துக்குப் பூஜை பண்ற நாள்."

"கும்பிடு வாங்கறதா? அது வேலையாச்சே! லீவுல இருக்கிறவங்ககிட்ட வேலை வாங்கக் கூடாது மதாம், சட்டம்."

இவ்வளவு தூரம் வந்து இப்படி ஒரு சட்டமா? மங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இங்க பாருங்க, இன்னிக்கு நாங்க ஆத்துக்கிட்ட எதையும் கேக்க மாட்டோம். எங்க ஊர்ல ஆடி மாசத்து ஆறுன்னா பிள்ளைத்தாச்சி மாதிரி. வாய்க்கு ருசியா நாலு தினுசுச் சோறு ஆக்கி, வளையலும் மஞ்சளும் வச்சு, சாப்பிடும்மான்னு சொல்ற நாள் இது. பிள்ளைத்தாச்சி சாப்பிடறது வேலையா?"

மதாம் கொலெத் யோசித்தாள். "அப்போ இது விருந்து?"

"விருந்துதான்."

"விருந்துன்னா சரி. ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது, அவ்வளவுதான்." சொல்லிவிட்டுப் போனவள், ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தானும் உட்கார்ந்துகொண்டாள். பின்னாலேயே கேரவன்காரர்கள் தட்டோடு வந்தார்கள்.

மங்கை விளக்கேற்றி, காப்பரிசி வைத்து, நாலு சாதத்தையும் இலையில் பரிமாறி விளிம்பில் வைத்தாள். ஆறு மெல்ல ஒரு நாக்கு நீட்டி முதலில் தயிர்ச் சாதத்தை எடுத்துக்கொண்டது, பிறகு புளியோதரை, பிறகு மறுபடி புளியோதரை. தாயுமானவன் அவள் கழுத்தில் புது மஞ்சள் கயிற்றைக் கட்டினான். கட்டும்போது அவன் விரல் ஈரமாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது, சொல்லாமல் இருக்க முடியவில்லை, சந்தோஷமா இருக்குங்க என்று வாய்விட்டே சொன்னாள்.

அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவானா? மங்கை இலையை எடுக்கப் போன நேரம் பார்த்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆற்றின் காதருகே, அதாவது காது இருக்கும் என்று அவன் நினைத்த இடத்தில், குனிந்து கிசுகிசுத்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அங்க உன் இடத்துல கார் நிறுத்தப் போறாங்க. ஐந்நூறு கார். மேயரே சொன்னார். நீ இல்லாமலே எல்லாம் நடக்குது, டான்ஸ் ஆடறாங்க. உடனே கிளம்பு. இப்பவே கிளம்பினா காலையில போய்ச் சேர்ந்துடலாம்."

கூடாரக்காரர்கள் தட்டில் கரண்டியை வைத்துவிட்டார்கள். லீவில் இருப்பவரிடம் ஆபீஸ் விஷயம்! மதாம் கொலெத் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இலையோடு திரும்பிய மங்கைக்கு வெட்கத்தில் காது சூடேறியது.

ஆறு அவன் சொன்னதை முழுசாகக் கேட்டது. கேட்டுவிட்டு ஒரு ஏப்பம் விட்டது. பிறகு, அந்தப் பக்கமாகத் திரும்பி ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிப்போனது.

தாயுமானவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அதுக்கு ஏன் மங்கை பயமே இல்லை?" என்று கேட்டான். தெரியலையே என்றாள் அவள். அவன் பூட்ஸைக் கழற்றினான், சாக்ஸைக் கழற்றினான், புல்லில் மல்லாந்தான், ஆறு குறட்டை விடுவதற்கு முன்னாலேயே அவன் குறட்டை விட ஆரம்பித்தான். மறுநாள் ஊர் திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஆற்றோடேயே இருந்துவிட்டு, ஆறு கிளம்புகிற அன்றைக்குத்தான் அவர்களும் கிளம்பினார்கள்.

ஓர்லின் ஆறு சொன்னபடி ஆகஸ்ட் இருபதாம் தேதி வந்தது. ஊர் எல்லைக்கு வந்து, குண்டு விளையாட்டில் கடைசி ஆட்டம் முடியட்டும் என்று மரியாதையாக நின்றது. கஸ்தோன் தோற்றுவிட்டுக் கையை உதறினதும் உள்ளே நுழைந்தது. காபிக்கடைக்காரர் மேஜையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். ஜனங்கள் பாலத்தில் கூடி, லீவெல்லாம் நல்லா இருந்ததா, அடடா, நல்லாக் கருத்துட்டீங்களே என்று மெச்சினார்கள்; வெயிலில் கருத்துத் திரும்புவதுதான் அங்கே நல்ல லீவுக்கு அடையாளம். மலைமண் கரைந்து ஆறு உண்மையாகவே மாநிறமாக ஆகியிருந்தது. மேயர் இறங்கிக் கைகுலுக்கினார், முழங்கைவரை நனைந்தார், கார் யோசனையைப் பற்றிக் கேட்டவர்களிடம் எந்தக் கார் என்று திருப்பிக் கேட்டார். ஆறு தன் இடத்தில் படுத்து ஓட ஆரம்பித்தது. அன்று மாலைக்குள் யாருக்கும் அது போயிருந்ததே மறந்துவிட்டது.

மறுநாள் தாயுமானவன் சட்டையை இரண்டு தடவை மாற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போனான். சாயங்காலம் சீக்கிரமே வந்துவிட்டான். மங்கை சமையல்கட்டில் வெங்காயக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"சர்வர்?"

"நல்லா இருக்கு."

"யாராவது கேட்டாங்களா?"

"கருத்துட்டேன்னு சொன்னாங்க. லீவு நல்லா இருந்துச்சான்னு கேட்டாங்க. பெர்த்தியே கன்னத்துல முத்தம் கொடுத்தார்." அவன் கதவில் சாய்ந்து நின்றான். "அவ்வளவுதான் மங்கை. நான் இல்லைன்னு ஒருத்தரும் தேடலை. நான் இல்லாம அங்க எல்லாம் நடந்திருக்கு."

"நடக்கும்தான்" என்றாள் மங்கை, கத்தியைக் கீழே வைக்காமல். "இந்த வீட்டுலயும் ஏழு வருஷமா நீங்க இல்லாம எல்லாம் நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா நான் தேடினேன்."

தாயுமானவன் பையை இறக்கி வைத்துவிட்டு, அவள் எதிரில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கூடையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். பாதி உரிப்பதற்குள் புறங்கையால் முகத்தைத் துடைத்தான்.

"கண்ணு எரியுது மங்கை."

"எரியட்டும்" என்றாள் அவள். "உரிங்க."